பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு: டேட்டா சயின்ஸ் கோர்ஸ் இப்போதே வேண்டுமா?

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே கடன் வாங்கி டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். புள்ளியியல் கணக்குகளைப் போட உதவும் ஆர் (R) மென்பொருள் இலவசம். வகுப்பில் கையால் போடும் தொடர்புப் போக்குக் (ரெக்ரஷன்) கணக்கை அன்று இரவே அதில் போட்டுப் பாருங்கள். இரண்டு விடையும் ஒத்துவராவிட்டால் எந்த வரியில் பிசகியது என்று தேடுங்கள். அந்தத் தேடலில்தான் பாடம் மனதில் நிற்கும்.

அப்புறம், அணிகளையும் (மேட்ரிக்ஸ்) நுண்கணிதத்தையும் (கால்குலஸ்) விட்டுவிடாதீர்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர உதவும் ஜாம் தேர்வின் கணிதப் புள்ளியியல் தாளில் இரண்டும் உண்டு. கொல்கத்தா ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) நடத்தும் எம்.ஸ்டாட் என்ற புள்ளியியல் முதுநிலைப் படிப்பின் நுழைவுத்தேர்வுக்கும் அவைதான் அடித்தளம்.

அரசு வேலை என்றால் யு.பி.எஸ்.சி.யின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. அதற்கு 21 வயது ஆக வேண்டும். புள்ளியியலுக்கே 4 தாள்கள். அவற்றில் 2 விரித்து எழுதுபவை. பழைய வினாத்தாள் ஒன்றை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.