வெளிநாட்டு எம்பிபிஎஸ் வேண்டாம், உயிர்வேதியியலை மகளே படிக்கட்டும்

ஈசூனிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுக்காதவள். இப்போது பட்டம் முடித்ததும் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும், அதற்கான எம்கேட் நுழைவுத்தேர்வுக்கு, அதில் வரும் உயிர்வேதியியல் உட்பட, தானே படிக்கிறேன் என்கிறாள். அவள் மாமாவோ, "தனியாகப் படித்து ஆகிற காரியமா? பொறியியலை நிறுத்திவிட்டு வெளிநாட்டில் சேர்த்துவிடுங்கள்" என்கிறாராம்.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் மாமா சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வெளிநாட்டில் படித்தவர் இங்கே மருத்துவராகப் பதிவதற்கு, அவர் படித்த கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருப்பது முக்கியம். 2020-ல் அந்தப் பட்டியல் 160 கல்லூரிகளிலிருந்து 103-ஆகச் சுருங்கியது. 2025-ல் 9 கல்லூரிகள் சேர்ந்தன. முகவர் பேச்சை நம்பாமல் பட்டியலை நீங்களே பாருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை இதற்காகத் தொடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இங்குள்ள என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்களின் 5 ஆண்டு மருத்துவப் படிப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவை, விடுங்கள். டியூக்-என்யூஎஸ் பட்டதாரிகளுக்கான 4 ஆண்டுப் படிப்பு. முதல் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம், பொறியியலும் சரிதான். அங்கும் கட்டணம் அதிகம், சேவை ஒப்பந்தமும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கைக் கையில் ஒரு பட்டத்தோடு போடலாம்.

சரி, உயிர்வேதியியல். எம்கேட்டில் 2015-லிருந்து இதற்குப் பெரிய இடம். உயிரியல் பகுதியில் ஏறக்குறைய கால் பங்கு, வேதியியல்-இயற்பியல் பகுதியிலும் கால் பங்கு. கேட்பதோ பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்தில் நடத்தும் அளவுதான்.

முதலில், புரதங்களை உருவாக்கும் 20 அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றையும் பார்க்காமல் வரையத் தெரிய வேண்டும், ஓரெழுத்துக் குறியீடு உட்பட. உடலின் பிஎச் (அமில-கார) அளவில் லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்னேற்றம் கொண்டவை, ஆஸ்பார்டேட்டும் குளூட்டமேட்டும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஹிஸ்டிடின் பக்கச் சங்கிலியின் பிகேஏ, அதாவது பாதி புரோட்டானை இழந்திருக்கும் பிஎச் அளவு, 6-க்கு அருகில் இருப்பதால் அது புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் செய்யும். நொதிகளின் செயல்மையத்தில் அதை அடிக்கடி பார்ப்பது அதனால்தான்.

அப்புறம், உடலின் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதிகள். வரைபடம் படித்துப் பழகிய பொறியியல் மாணவிக்கு இந்தப் பகுதி பிடித்துப்போகும். வினைப்பொருளின் இடத்துக்குப் போட்டியிடும் போட்டித் தடுப்பான் வந்தால் விமேக்ஸ் (உச்ச வேகம்) மாறாது, கேஎம் (பாதி உச்ச வேகத்துக்குத் தேவையான வினைப்பொருளின் செறிவு) மட்டும் கூடும், ஏனென்றால் வினைப்பொருளைக் கூட்டினால் தடுப்பானை வென்றுவிடலாம். இந்தக் காரணத்தைத் தன் வாயால் சொல்லத் தெரிந்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வளர்சிதை மாற்றத்தைக் கடைசியில் வைக்கட்டும். பலர் குளுக்கோஸை உடைக்கும் கிளைக்கோலிசிஸின் 10 படிகளை முதல் வாரத்திலேயே உருப்போட்டு, வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எங்கே நடக்கிறது, எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது, எந்தப் படியில் கட்டுப்பாடு என்று கேட்டுப் படித்தால் போதும். கிளைக்கோலிசிஸ் செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில் நடக்கிறது, ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி 2 கிடைக்கும். பாஸ்போஃபிரக்டோகைனேஸ்-1 என்ற நொதிதான் முக்கியக் கட்டுப்பாடு, ஏடிபி நிறைய இருந்தால் அதன் வேகம் குறையும்.

உயிரியல் பகுதியில் 95 நிமிடத்தில் 59 கேள்விகள். அவற்றில் 44 கேள்விகள் கொடுக்கப்படும் பத்திகளை ஒட்டியவை, பெரும்பாலும் ஆய்வுச் சோதனைகள். ஆகவே முதல் மாதத்திலிருந்தே வாரம் சில பத்திகளைக் கடிகாரம் வைத்துப் படிக்க வேண்டும். தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் (ஏஏஎம்சி) பாடப்பட்டியலை இலவசமாகவே தருகிறது. பழைய பாடநூல் ஒன்று போதும், இல்லையென்றால் நூலகம் இருக்கிறது. ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கும்வரை பயிற்சி நிலையத்துக்கு ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

இன்னொன்று. உறவினர் யாரும் இல்லாத நேரத்தில் மகளிடம் பேசுங்கள். மருத்துவம் ஏன் என்று கேட்டுவிட்டு, அவள் முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். இரண்டு மாதம் யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுக்கிறாளா என்று கவனியுங்கள். எடுக்கவில்லை என்றால் இந்தப் பேச்சை விட்டுவிட்டுப் பொறியியலை நிம்மதியாக முடிக்க விடுங்கள். எடுத்தால், முதல் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணோடு இருவரும் வாருங்கள், எப்போது எழுதலாம் என்று பார்த்து முடிவு செய்வோம்.