ஏர் ரைஃபிள் பேரலைச் சுத்தம் செய்ய வேண்டுமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை?

நீங்கள் புதிதாக வாங்கியிருப்பது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைஃபிள், நடுவில் மடக்கி லோடு செய்யும் வகை. வாரா வாரம் எண்ணெய் விட்டுத் துடைக்கச் சொல்கிறார் ஒருவர், தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். ரெண்டாமவர் பக்கம்தான் நான் சாய்வேன். ஆனால் துப்பாக்கி புதுசு என்பதால் முதலில் ஒரு தடவை மட்டும் துடைத்தே ஆக வேண்டும். துரு பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் தடவி அனுப்பும் எண்ணெய் பேரலுக்குள், அதாவது குழலுக்குள், இருக்கும்.

வாராவாரம் துடைக்கும் வழக்கம் வெடிமருந்துத் துப்பாக்கியிலிருந்து வந்தது. அதில் ஒவ்வொரு தடவை சுடும்போதும் கரி பேரலுக்குள் படியும். பழைய காலத்துத் தோட்டா என்றால் உப்பும் சேர்ந்து படிந்து, சீக்கிரமே துரு ஏற்றிவிடும். ஏர் ரைஃபிளில் எரிவதற்கு எதுவும் இல்லை. காற்று தள்ளுகிறது, பெல்லட் என்னும் சின்ன ஈயக் குண்டு போகிறது. உள்ளே மிஞ்சுவது பெல்லட் மேல் பூசியிருக்கும் மசகும் கொஞ்சம் ஈயமும்தான். 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் பெல்லட்டின் வேகம் விநாடிக்கு 170 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். அந்த வேகத்தில் ஈயம் ஒட்டுவது ரொம்ப மெதுவாகவே நடக்கும். வேகம் கூடுதலான துப்பாக்கியில் கொஞ்சம் சீக்கிரமாக ஒட்டும்.

எண்ணெய் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினாறு வயதிருக்கும். சித்தப்பாவின் பழைய துப்பாக்கிக்குப் பெல்லட் வெளியேறும் முனையான பேரல் வாய் வழியாகத் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மூலையில் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். ராத்திரி முழுக்க அது அடிப்பக்கமாக இறங்கி, காற்று வரும் துளை வழியாக, ஸ்பிரிங் விசையில் பாய்ந்து காற்றை அழுத்தும் பிஸ்டனின் அறைக்குள் போய்விட்டது. காலையில் சுட்டதும் தீபாவளி வெடி மாதிரி ஒரு சத்தம், பேரல் வாயில் நீலப் புகை. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் அந்த எண்ணெய் பற்றிக்கொண்டுவிட்டது. டீசல் இன்ஜின் ஓடுவதும் இப்படித்தான். பவர் ஏறிவிட்டது என்று நான் குதித்ததுதான் மிச்சம். அன்று காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீல் கருகி, சில நாளில் பெல்லட் அட்டையைக்கூடத் துளைக்கவில்லை. புது சீல் போட்ட செலவைச் சித்தப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

சரி, எப்போது துடைப்பது? டார்கெட் அட்டை சொல்லும். ஒரே பெல்லட், ஒரே தூரம், நேற்று வரை நெருக்கமாக விழுந்த துளைகள் இன்று சிதறுகின்றன என்றால் பேரலைச் சந்தேகிக்கலாம். அதுவும் கடைசியாகத்தான். கிளப்பில் ஒருமுறை இப்படிச் சிதற ஆரம்பித்ததும் நான் துணியும் பிரஷுமாக உட்கார்ந்தேன். கோச் பார்த்துவிட்டு, "துப்பாக்கியக் குளிப்பாட்டாத தம்பி, முதல்ல ஸ்க்ரூவப் பாரு" என்றார். மரக்கட்டையைப் பிடித்திருந்த ஸ்க்ரூ இரண்டும் கையாலேயே சுழன்றன. ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் உதறுவதால் அவை தளர்ந்துகொண்டே இருக்கும். முதலில் ஸ்க்ரூ, அடுத்து குறி பார்க்கும் சைட், பிறகு புது பெல்லட் டப்பா, அப்புறம்தான் பேரல்.

துடைக்க நான் வைத்திருப்பது தடிமனான தூண்டில் நரம்பு. கடையில் விற்கும் இரும்புக் கம்பியை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. கம்பி கொஞ்சம் சாய்ந்தாலும் பேரல் வாயின் விளிம்பை உரசும். பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் கீறல் விழுந்தால், காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி, பெல்லட்டைக் கோணலாகத் தள்ளும். அழுக்கைத் துடைத்து எடுத்துவிடலாம், கீறலை எடுக்க முடியாது.

முதலில் பெல்லட் உள்ளே இல்லை என்று பாருங்கள். பேரலை லேசாக மடக்கித் திறந்தால் போதும், ஸ்பிரிங் ஏறும் வரை இழுக்காதீர்கள். ஏற்றிய நிலையில் தெரியாமல் டிரிகரில் விரல் பட்டால் பேரல் விருட்டென்று மேலே அடிக்கும், இடையில் இருக்கும் விரல் போய்விடும். நரம்பை இரண்டாக மடித்து, மடிப்பு முனையை வாய் வழியாக நுழைத்து லோடு செய்யும் பக்கம் எடுங்கள். அந்த வளையத்தில் பழைய பனியன் துணியைச் சிறு துண்டாக மாட்டி, வாய்ப் பக்கம் ஒரே இழுப்பாக இழுங்கள். துணி கொஞ்சம் இறுக்கமாக வர வேண்டும், மல்லுக்கட்டக் கூடாது. முதல் துணி கறுப்பாக வரும், நாலைந்தாவது சாம்பல் நிறத்துக்கு மாறும், அங்கே நிறுத்திவிடலாம். பளிச்சென்று வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் ரப்பர் சீலுக்கு ஆகாது. பித்தளை பிரஷ் நான் பத்து வருஷத்தில் ஒரே தடவைதான் எடுத்திருக்கிறேன், அதுவும் யாரோ கவனிக்காமல் போட்டு வைத்திருந்த பழைய பேரலுக்கு.

கம்பளிப் பஞ்சுக் குண்டு என்று ஒன்று விற்கிறார்கள். அதைப் பெல்லட் மாதிரி போட்டுச் சுட்டுச் சுத்தம் செய்வார்கள். சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் போட்டி ரைஃபிளுக்கு அது அருமை, கிளப்பில் நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். உங்கள் ஸ்பிரிங் துப்பாக்கியில் வேண்டாம். பஞ்சுக்கு எடை கிடையாது, தடுக்க எதுவும் இல்லாமல் பிஸ்டன் போய் முட்டும்.

கறுத்த துணியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது ஈயம். லோடு செய்யும்போது பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. இருந்தால் இன்றே விடுங்கள்.

துடைத்த பிறகு முதல் பதினைந்து, இருபது பெல்லட் எங்கேயாவதுதான் போகும். உடனே சைட்டைத் திருகாதீர்கள், பேரல் மறுபடி பழைய நிலைக்கு வரக் கொஞ்சம் சுட வேண்டும். அதனால் போட்டி இருந்தால் முந்தின நாள் ராத்திரி மட்டும் பேரல் பக்கமே போகாதீர்கள்.