புலுனிக்குத் துவாய் வேண்டாம்

வணக்கம் ஐயா,

போன கிழமை இங்கே விடாத மழை, கூடவே வாடைக்காற்று. எங்கள் புது மதிலில் பதித்த போத்தல் ஓடுகளுக்கு நடுவே ஏழெட்டுப் புலுனிகள் (தவிட்டுக்குருவிகள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நனைந்தபடி இருந்தன. உடம்பை உப்பவைத்துப் பந்து மாதிரி ஆகியிருந்தன. மகள் துவாயை எடுத்துக்கொண்டு ஓடினாள், நான்தான் மறித்தேன். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததைச் சொல்லி என்னோடு வாதாடுகிறாள். இந்தச் சின்னக் குருவிகள் குளிரை எப்படித் தாங்குகின்றன? தடிமன், காய்ச்சல் வராதா? முன்பு வேலி இருந்த காலத்தில் இவை இப்படி நனைவதை நான் பார்த்ததில்லை. தை மாதம் பின்வளவுக்கும் மதில் கட்ட இருக்கிறோம். அதில் மரப்பெட்டி செய்து மாட்டினால் வந்து தங்குமா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

*

அன்புள்ள பிள்ளை,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் ஒழுங்கையில் பெக்கோ இயந்திரம் விட்டு ஒரு பழைய வேலியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் மகளுக்கு. துவாயோடு ஓடிய பிள்ளையைப் பேசாதீர்கள், அந்த மனம் பெரிது. ஆனால் துடைக்க விடவும் வேண்டாம். வளவில் கிடக்கும் இறகு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுங்கள். நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலால் இழுத்தால் அது கிழிந்ததுபோல இழை இழையாகப் பிரியும். திருப்பி அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக நீவிவிட்டால் பழையபடி சேர்ந்துவிடும். இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொளுக்கிகள் உண்டு. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் மழைநீர் உள்ளே இறங்காது. வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பியும் இருக்கிறது. மழை விட்டதும் புலுனி கழுத்தைத் திருப்பி அங்கே அலகைத் தொட்டெடுத்து, ஒவ்வோர் இறகாக அலகுக்குள் விட்டு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயும் பூசுகிறது, அவிழ்ந்த கொளுக்கியையும் மாட்டுகிறது. துவாயால் தேய்த்தால் அத்தனையும் குலைந்து ஈரம் தோல்வரைக்கும் போய்விடும். பிடிபட்ட பயத்திலேயே சின்னக் குருவி செத்துப்போவதும் உண்டு. உண்மையிலேயே சோர்ந்து நிலத்தில் கிடந்தால் மட்டும், காய்ந்த துணி போட்ட காட்போட் பெட்டியில் இருட்டாக மூடிவைத்து, தெளிந்ததும் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

உப்பியிருந்ததும் நோய் அல்ல. வெளி இறகுக்குக் கீழே மெல்லிய தூவி இருக்கிறது. உப்பும்போது அதற்குள் காற்று அடைபட்டு நிற்கும். சூடு வெளியே போகாமல் காப்பது அந்தக் காற்றுத்தான். மயிலுக்கும் அது உண்டு, பேகனை விட்டுவிடுவோம். மழை சோவென்று அடிக்கும்போது பாருங்கள், அப்போது உப்பாது. இறகை உடம்போடு அமர்த்தி நிமிர்ந்து இருக்கும், தண்ணீர் வழிந்து ஓடட்டும் என்று. தடிமன் வருவது கிருமியால், நனைவதால் அல்ல.

“இங்கே என்ன பனியா கொட்டுகிறது?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இப்படிச் சின்னக் குருவிகளின் உடம்புச் சூடு ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ். மழை இரவொன்றில் இங்கே 20 பாகைக்கு இறங்கினால், உள்ளுக்கும் வெளிக்கும் ஏறக்குறைய 20 பாகை வித்தியாசம். சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். அதை ஈடுகட்ட நெஞ்சுத் தசையை நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். அந்த நடுக்கம் எரிப்பது பகலில் தின்ற தீனியை. நாட்கணக்கில் மழை பெய்தால் பூச்சி வெளியே வராது, தீனி இல்லை. அப்போது பட்டினியும் ஈரக்காற்றும் சேர்ந்துதான் கொல்லும். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் கூதலில் செத்தனவே, மறந்துவிட்டோமா? அவ்வளவு பெரிய உடம்புக்கே ஒதுங்க இடம் இல்லாவிட்டால் அந்தக் கதி. (இரணைமடுக் குளத்தில் தண்ணீருக்குள் மணிக்கணக்காக நிற்கும் கொக்கின் உடம்பு ஏன் விறைப்பதில்லை என்பதும் அழகான விஷயம். காலுக்கு இறங்கும் சூட்டு இரத்தம், மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தத்தை வழியிலேயே சூடாக்கிவிடும். அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.)

பெட்டி வேண்டாம். பொந்தில் குடியிருக்கும் மைனா வேண்டுமானால் வரும். புலுனி கிளையில் வரிசையாக ஒட்டியிருந்து தூங்குகிற சாதி.

சரி, இனி உங்களைப் பேசவேண்டும். வேலி இருந்த காலத்தில் இவை இப்படி நனைவதைப் பார்த்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான். அதை எழுதிய கை அடுத்த வரியிலேயே பின்வளவுக்கும் மதில் என்று எழுதுகிறதே, எப்படிப் பிள்ளை மனம் வந்தது?

கிளுவையை வேலிக்கு எடுத்த சனம் சும்மா எடுக்கவில்லை. கோடையில் அது இலை கொட்டி வெறும் தடியாக நிற்கும். மழை விழத் தளிர்க்கத் தொடங்கி, வாடை வீசும் நாட்களில் அடர்ந்து நிற்கும். குருவிக்கு மறைப்பு வேண்டிய நேரமும் அதுதான். மதிலில் மோதும் காற்று மேலே எழும்பி, மதில் தலையில் இருக்கிற குருவியை முழு வேகத்தில் அடிக்கும். வேலி காற்றை உள்ளே விட்டுத் தணித்துவிடும். மழைத்துளி இலையில் பட்டு உடைந்து இறங்கும். அடியில் சருகு, சருகுக்குள் கரையானும் வண்டும் புழுவும். அடைமழையிலும் புலுனி அதைக் கிண்டித் தின்று இரவைக் கடத்திவிடும். ஐப்பசியில் இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து வந்து சேரும் ஆறுமணிக்குருவியும் அந்தச் சருகைத்தான் தேடுகிறது. சீமெந்தில் எதைக் கிண்டுவது?

2008 கார்த்திகையில் நிசா புயல் அடித்தபோது நாங்கள் போரில் இடம்பெயர்ந்து தருமபுரத்துப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். நிலமெல்லாம் தண்ணீர். விறகுக்காகச் சனம் பற்றைகளை வெட்டிக்கொண்டிருந்தது; ஈரவிறகு எரியாது, ஆனாலும் வேறு வழி இல்லை. அம்மா மட்டும் எங்கள் தறப்பாளுக்கு வாடைப்பக்கம் நின்ற ஒரு பற்றையில் கத்தி வைக்க விடவில்லை. “அது நிக்கட்டும். நனைஞ்சால் தாங்கலாம், நனைஞ்ச உடம்பிலை காத்துப் பட்டால் தாங்கேலாது” என்றார். விடிகிற நேரம் அந்தப் பற்றைக்குள் பார்த்தேன். ஒரே கிளையில் புலுனிகள், எந்தத் தலை எந்த உடம்புக்கு என்று தெரியாத நெருக்கம். ஓரத்தில் இருந்தது எழும்பி மற்றவற்றின் முதுகில் ஏறி நடந்து நடுவுக்குள் இறங்கியது. அப்புறம் புதிதாக ஓரமானது அதையே செய்தது. வெளியே நாங்களும் அப்படித்தான் இருந்தோம், தங்கச்சியை நடுவில் விட்டு.

அப்படி ஒரு பற்றையின் மறைப்பில் பிழைத்த சனம், திரும்பி வந்து கல்வீடு எழும்பியதும் முதல் வேலையாக வேலியைக் கிளறி எறிவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சுண்டிக்குளம் இருக்கிறதுதானே என்று சொல்லாதீர்கள். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான இடம்தான், பூநாரைக்கு அது சரி. புலுனி அங்கே போகாது. உங்கள் ஒழுங்கையைவிட்டே அது அதிகம் நகராது. கட்டாக்காலி மாடு புகும், வருடா வருடம் வேலி அடைக்க ஆள் இல்லை என்பீர்கள். முள்ளுக்கம்பி இழுத்து, இடையில் நெருக்கமாகக் கதியால், அதாவது வேர்விடும் பச்சைத்தடி, நடுங்கள். மதிலுக்குக் கொட்டுகிற காசில் கொஞ்சம்தான் ஆகும்.

தை வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். மண்ணில் மாரி ஈரம் இருக்கும்போதே கதியால் போடவேண்டும். தடித்த, நேரான தடியாகப் பார்த்து நடுங்கள். தளிர் பிடிக்கும்வரை ஆடு வாய் வைக்காமல் காவோலை சாத்திவையுங்கள். இடையிடையே பூவரசும் முள்முருக்கும் நிற்கட்டும். உங்கள் பக்கம் கிளுவை கிடைக்காவிட்டால் எழுதுங்கள். எங்கள் வேலியில் வளர்ந்த கிளைகளை இந்த மாதம் வெட்ட இருக்கிறேன். லான்ட்மாஸ்ரர் பிடித்துக்கொண்டு வந்து வேண்டியதை ஏற்றிக்கொண்டு போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.