ஸ்கெட்ச்சை எப்படி முடிப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இரவில் தூங்கப்போகும் முன் யூடியூபில் பிரிட்டிஷ் நகைச்சுவை ஸ்கெட்ச்கள் (சில நிமிடக் குட்டி நாடகங்கள்) பார்ப்பது பழக்கமாகிவிட்டது. முதலில் மிட்செல் – வெப், அப்புறம் ஃப்ரை – லாரி. இரண்டு ஜோடிகளும் என்னை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தார்கள். அலுவலக நண்பர் ஒருவர், "இவங்களுக்கெல்லாம் அப்பன் மான்டி பைத்தான். அதைப் பார்க்காம பேசாதே" என்றார். சரி என்று அதன் முதல் சீசனை வரிசையாகப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பாதி நேரம் கொட்டாவிதான். செத்த கிளி ஸ்கெட்ச்சுக்குச் சிரித்தேன். மற்றபடி எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஒரு காட்சி சூடு பிடிக்கும்போது அதை அப்படியே போட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுகிறார்கள்.

எனக்கு ரசனை போதவில்லையா, பைத்தான் பழசாகிவிட்டதா? இந்த நிகழ்ச்சிகளில் எதை முதலிடத்தில் வைப்பீர்கள்? 'லிட்டில் பிரிட்டன்' பார்க்கலாமா? இன்னொன்று, சப்டைட்டில் இல்லாமல் எனக்குப் பாதி புரிவதில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஒப்பீட்டில் ஒரு சின்ன அநியாயம் இருக்கிறது. மிட்செல் – வெப்பை நீங்கள் யூடியூப் துண்டுகளாகப் பார்த்திருக்கிறீர்கள். பல வருடங்களாக பல லட்சம் பேர் சலித்துத் தேர்ந்தெடுத்து வைத்த துண்டுகள் அவை. பைத்தானை மட்டும் முழுதாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். ஒருவரிடம் துக்கடாவை மட்டும் கேட்டுவிட்டு, இன்னொருவரிடம் மூன்று மணி நேரக் கச்சேரியையும் கேட்டு இருவருக்கும் மதிப்பெண் போட்ட மாதிரி. 'தட் மிட்செல் அண்ட் வெப் லுக்' நிகழ்ச்சியை எபிசோட் எபிசோடாகப் பார்த்தால் அதிலும் கொட்டாவி வரும் இடங்கள் நிறைய. அவர்களுக்கே அது தெரியும். ஸ்கெட்ச் நிகழ்ச்சி என்றால் சில தேறும், சில தேறாது என்றுதானே விமர்சகர்கள் எழுதுகிறார்கள்? அதனால் தேறுகிறவற்றை எடுத்து முடித்தாயிற்று, இனி தேறாதவற்றை எடுக்க வேண்டும் என்று இருவரும் மும்முரமாகத் திட்டமிடுவதாக ஒரு காட்சியே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் "எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ரசனைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஸ்கெட்ச் நிகழ்ச்சிகளை ஒப்பிடவேண்டுமென்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இவர்கள் ஸ்கெட்ச்சை எப்படி முடிக்கிறார்கள்?

ஸ்கெட்ச் என்பது மூன்று, நான்கு நிமிடம். உள்ளே ஒரே ஒரு யோசனை. அந்த யோசனை என்ன என்பது முதல் அரை நிமிடத்திலேயே பார்ப்பவருக்குப் பிடிபட்டுவிடும். அதை ஊதிப் பெரிதாக்குவது கெட்டிக்காரர்களுக்குக் கஷ்டமில்லை. எப்படி வெளியே வருவது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். மேடையில் ஒரு நல்ல கடைசி வரியைச் சொல்லி விளக்கை அணைத்துவிடலாம். தொலைக்காட்சிக்கும் அந்தப் பழக்கமே வந்தது. 1971 முதல் 1987 வரை பிபிசியில் ஓடிய 'தி டூ ரோனீஸ்' அந்தப் பள்ளியில் முதல் மாணவன். அந்த இரண்டு ரோனிகளில் ஒருவரான ரோனி பார்க்கர் பல ஸ்கெட்ச்களை ஜெரால்ட் வைலி என்ற புனைபெயரில் எழுதி அனுப்பி, சொந்தக் குழுவையே ஏமாற்றிக்கொண்டிருந்தவர். 1976இல் வந்த இரும்புக்கடை ஸ்கெட்ச் அவர் எழுதியதுதான். வாடிக்கையாளர் முள்கரண்டிக் கைப்பிடி ('ஃபோர்க் ஹேண்டில்ஸ்') கேட்க, கடைக்காரர் காதில் அது நான்கு மெழுகுவத்தியாக ('ஃபோர் கேண்டில்ஸ்') விழும். அப்படியே ஒவ்வொரு சாமானுக்கும் குழப்பம் ஏறிக்கொண்டே போகும். பிரிட்டனில் இதைத் தெரியாதவர் குறைவு. ஆனால் அதன் கடைசி வரி என்ன என்று கேட்டுப்பாருங்கள், முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். லேசான இரட்டை அர்த்த வரி ஒன்று. கதவை மூடுவதற்காக வைத்தது.

இந்தக் கதவே வேண்டாம் என்று முதலில் முடிவெடுத்தவர்கள் பைத்தான்காரர்கள் இல்லை. ஸ்பைக் மில்லிகன். (அகமத்நகரில் பிறந்தவர், அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார்.) 1969 மார்ச்சில் தொடங்கிய அவருடைய 'கியூ 5' நிகழ்ச்சியில் ஸ்கெட்ச்கள் பாதியில் நிற்கும், இன்னொன்றாக மாறும், அப்படியே கைவிடப்படும். பின்னால் வந்த கியூ வரிசைகளில் நடிகர்கள் எல்லோரும் கேமராவை நோக்கி மெல்ல நடந்துவந்து, "இப்போது என்ன செய்வது?" என்று திரும்பத் திரும்ப முனகுவார்கள். அதுதான் முடிவு. 1969இல் தங்கள் நிகழ்ச்சியை யோசித்துக்கொண்டிருந்த பைத்தான் குழுவினர் 'கியூ 5'ஐப் பார்த்துவிட்டு, நாம் செய்ய நினைத்ததை மனிதர் செய்துவிட்டாரே என்று கலங்கிப்போனார்கள். பிறகு மில்லிகனின் இயக்குநர் இயன் மக்நாட்டனையே தங்களுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதே வருடம் அக்டோபர் 5 அன்று 'மான்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' தொடங்கியது.

மில்லிகனிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது: ஒட்டுவதற்கான பசை. குழுவில் ஒருவரான டெர்ரி கில்லியமின் கார்ட்டூன்கள் ஒரு காட்சியின் வாலை இன்னொன்றின் தலையோடு சேர்த்துவிடும். எல்லாவற்றையும் நசுக்கும் அந்தப் பெரிய பாதம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் பிரான்சீனோ ஓவியம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த மன்மதனின் கால். நீங்கள் சிரித்த கிளி ஸ்கெட்ச் எப்படி முடிகிறது என்று ஞாபகம் இருக்கிறதா? செத்த கிளியை விற்ற கடைக்காரரோடு மல்லுக்கட்டும் வாடிக்கையாளரே "இது ரொம்ப அசட்டுத்தனமாகப் போகிறது" என்று சலித்துக்கொள்ள, ராணுவக் கர்னல் ஒருவர் வந்து ஆமோதித்து நிறுத்திவிடுகிறார். 1972இல் வந்த, காசு கொடுத்து வாக்குவாதம் செய்யும் அலுவலக ஸ்கெட்ச் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நகைச்சுவைப் போலீஸ் அதிகாரி உள்ளே வந்து எல்லோரையும் கைது செய்கிறார். குற்றங்களில் ஒன்று, பஞ்ச்லைன் (சிரிக்கவைக்கும் கடைசி வரி) இல்லாமல் போலீஸ்காரர் நுழைவதைக் காட்டி ஸ்கெட்ச்சை முடிப்பது. அதைப் படிக்கும்போதே தானும் அதைத்தான் செய்கிறோம் என்பது அவருக்கு உறைக்க, அவரைக் கைது செய்ய இன்னொருவர் வந்து நிற்கிறார்.

இதைத் துண்டாக வெட்டிப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். அரை மணி நேரம்தான் அவர்களுக்கு அலகு. ஒரு எபிசோடின் தொடக்கத்தில் வந்த ஆள் இருபது நிமிடம் கழித்து சம்பந்தமே இல்லாத இடத்தில் தலை நீட்டுவதுதான் விளையாட்டு. தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் அது பிடிபடாது.

அதற்காக பைத்தானில் எல்லாமே பொன் என்று சொல்லவரவில்லை. மொத்தம் 45 எபிசோட். முதல் சீசனில் கை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. 1970இல் வந்த இரண்டாவதுதான் உச்சம். குழுவிலிருந்து ஜான் கிளீஸ் விலகிய பிறகு 1974இல் எடுத்த கடைசி ஆறு எபிசோடுகளை நீங்கள் பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. பெண்கள் விஷயத்தில் நிகழ்ச்சி மிகவும் பழசாகிவிட்டது. ஆண்களே சேலைக்கடைப் பொம்மை போல உடுத்திக்கொண்டு கீச்சுக்குரலில் கத்துவார்கள். நன்றாக நடிக்கத் தெரிந்த கரோல் கிளீவ்லாண்டைப் பெரும்பாலும் அழகுக்காக நிற்கவைத்தார்கள். அந்த இடங்களில் நீங்கள் கொட்டாவி விட்டிருந்தால் தப்பே இல்லை.

பைத்தானுக்குப் பிறகு பஞ்ச்லைன் என்றாலே பத்தாம்பசலி என்ற எண்ணம் வந்துவிட்டது. அதை உடைத்த நிகழ்ச்சியை உங்கள் நண்பர் சொல்லவில்லை போலிருக்கிறது. 'நாட் தி நைன் ஓ'க்ளாக் நியூஸ்'. 1979 முதல் 1982 வரை பிபிசி 2இல் வந்தது. முதல் சேனலில் ஒன்பது மணிச் செய்தி ஓடும்போது இதில் செய்தியைக் கிண்டல் செய்வார்கள். தயாரித்தவர்களில் ஒருவர் ஜான் லாயிட். மிஸ்டர் பீன் ஆவதற்கு வெகு முன்னால் ரோவன் அட்கின்சன் பெயர் வாங்கியது இங்கேதான். கூட மெல் ஸ்மித், பமேலா ஸ்டீஃபன்சன், கிரிஃப் ரைஸ் ஜோன்ஸ்.

இதில் கான்ஸ்டபிள் சாவேஜ் என்றொரு ஸ்கெட்ச் உண்டு. மேலதிகாரி அட்கின்சன், ரைஸ் ஜோன்ஸ் நடிக்கும் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். நீ போட்ட வழக்குகளைப் பார்த்தேன், கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறதே என்கிறார். நடைபாதைக் கல்லின் இடுக்கில் மிதித்தது. குடியிருப்புப் பகுதியில் இருட்டிய பிறகு கண்ணைப் பறிக்கும் சட்டை போட்டது. பட்டியல் நீள நீள நமக்குச் சிரிப்பு. பிறகுதான் எல்லா வழக்கும் ஒரே மனிதர் மேல் என்று தெரிகிறது. அவர் ஒரு கறுப்பினத்தவர். மேலதிகாரிக்குக் கோபம் ஏறுகிறது. இனவெறியன், உன்னைப் போன்றவனால் போலீசுக்கே கெட்ட பெயர் என்று பொரிந்து தள்ளுகிறார். சரி, வேலையை விட்டு நீக்கப்போகிறார் என்று நினைப்போம். கடைசி வரியில் அவனை ஸ்பெஷல் பேட்ரோல் குரூப்புக்கு மாற்றுகிறார்.

அரங்கில் எழும் சிரிப்பின் காரணம் நமக்கு இங்கிருந்து உடனே தெரியாது. அந்தப் பிரிவு கற்பனையில்லை, லண்டன் போலீசில் நிஜமாகவே இருந்தது. 1979 ஏப்ரலில் லண்டனின் சவுத்தாலில் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சிக்கு எதிரான போராட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தது அந்தப் பிரிவுக்காரர்கள்தான் என்று அப்போதே ஊர் முழுக்கப் பேச்சு. போலீசின் உள்விசாரணையும் பெரும்பாலும் அப்படித்தான் என்று முடிவுக்கு வந்திருந்தது, ஆனால் அந்த அறிக்கை வெளியானது 2010இல்தான். ஸ்கெட்ச் ஒளிபரப்பானது 1980. ஒரு கெட்ட போலீஸ்காரனைப் பற்றிய காட்சி என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது, ஒரே வரியில் மொத்த அமைப்பைப் பற்றியதாக மாறிவிடுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டால் நல்லவராகத் தெரியும் மேலதிகாரி நல்லவராகவே தப்பித்துவிடுவார். முடிவுக்காக ஒரு ஸ்கெட்ச்சைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஃப்ரையும் லாரியும் முடிக்கத் தெரியாதவர்கள் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளாதீர்கள். 1987இல் ஒரு முன்னோட்டம், பிறகு 1995 வரை நான்கு சீசன். ஆங்கிலத்தை அவ்வளவு ருசித்துப் பேசிய ஜோடி தொலைக்காட்சியில் வேறில்லை. இதுவரை உலகில் யாருமே சொல்லியிருக்க முடியாத வாக்கியம் என்று ஃப்ரை ஒன்றைக் கோத்துச் சொல்லிக்காட்டுவார், மெய்மறந்து கேட்கலாம். ஆனால் பேச்சு ஓய்ந்ததும் இருவருக்கும் எங்கே போவதென்று தெரியாது. நாடகத்தை விட்டு இறங்கி கேமராவிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பிந்தைய சீசன்களில் நிகழ்ச்சியை முடிக்க ஒரு சடங்கையே கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஃப்ரை காக்டெயில் கலக்க, லாரி பியானோ வாசிப்பார். அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

முடிவுப் பிரச்சினையைப் புத்திசாலித்தனமாகச் சுற்றிப் போனவர்கள் 'தி ஃபாஸ்ட் ஷோ'காரர்கள். நகைச்சுவை நடிகர் ஹாரி என்ஃபீல்டுக்கு எழுதிக்கொண்டிருந்த பால் வைட்ஹவுஸும் சார்லி ஹிக்சனும், என்ஃபீல்டு நிகழ்ச்சியைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டத் தயாரித்த வேகமான முன்னோட்டத்தைப் பார்த்தார்கள். இப்படியே ஒரு முழு நிகழ்ச்சி செய்தால் என்ன என்று தோன்றியது. 1994இல் ஆரம்பித்தார்கள். சில ஸ்கெட்ச்கள் பத்து விநாடிகூட இருக்காது. ஒரு ஆள் வருவார், தன் வழக்கமான வசனத்தைச் சொல்வார், போய்விடுவார். வசனமே முடிவு. கேட்கச் சோம்பேறித்தனமாகத் தோன்றும். ஆனால் வாராவாரம் அதே ஆளைப் பார்க்கும்போது வேறொன்று நடக்கிறது. ரௌலி பிர்கின் என்றொரு வயதான வக்கீல், கணப்பு அருகே உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஏதோ பழைய சாகசம் சொல்வார். நான்கு வார்த்தைக்கு ஒன்று புரியும். கடைசியில் "அப்போது நான் ரொம்ப ரொம்பக் குடித்திருந்தேன்" என்பார். சிரிப்போம். ஒரு தடவை மட்டும் அந்த முணுமுணுப்பில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. அதே வசனம் வரும்போது சிரிக்க முடியவில்லை.

'லிட்டில் பிரிட்டன்' இந்த வழியில் வந்து வழி தவறிய பிள்ளை. 2000இல் வானொலியில் ஆரம்பித்து 2003இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதே வசனம், அதே ஆள், ஆனால் ஒவ்வொரு வாரமும் கூடுவது அருவருப்பு மட்டும்தான். ஏழைகளையும் திருநங்கைகளையும் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. டேவிட் வாலியம்ஸும் மாட் லூகாஸும் முகத்தில் சாயம் பூசி வேற்று இனத்தவராக நடித்ததற்காக 2020 ஜூனில் பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அதை எடுத்துவிட்டன. 2022இல் சில பகுதிகளை வெட்டிவிட்டு ஐபிளேயரில் திரும்ப வந்தது. பார்க்கலாமா என்றால் பாருங்கள், டாம் பேக்கரின் பின்னணிக் குரல் மட்டும் இன்றும் பிரமாதம். இரண்டு எபிசோடுக்கு மேல் தேவைப்படாது. அந்த நேரத்துக்கு 'குட்னெஸ் கிரேஷியஸ் மீ' பார்க்கலாம். பிரிட்டனின் இந்திய வம்சாவளியினர் செய்தது. பிரிட்டனின் இந்திய உணவகங்களில் ஆங்கிலேயர் செய்யும் வம்பைத் திருப்பிப்போட்டு, பம்பாய் இளைஞர்கள் குடித்துவிட்டு ஆங்கிலேய உணவகத்துக்குப் போய், இருப்பதிலேயே காரசாரமற்ற உணவு எது என்று வெயிட்டரிடம் வம்பு செய்யும் 1998ஆம் வருட ஸ்கெட்ச் முதல் நிமிடத்திலேயே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும்.

உங்கள் மிட்செல் – வெப்புக்கு வருகிறேன். அவர்கள் பலம் தர்க்கம். ஒரு யோசனையை எடுத்தால் அதன் விளைவுகளைக் கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். தொப்பியில் ஏன் மண்டையோடு இருக்கிறது, ஒருவேளை நாம்தான் கெட்டவர்களோ என்று யோசிக்கும் நாஜி அதிகாரி அப்படித்தான் பிறந்தார். 2010இல் நான்காவது சீசனை முடிக்கும்போது வைத்த கடைசி ஸ்கெட்ச்சைத் தேடிப் பாருங்கள். முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஷெர்லாக் ஹோம்ஸை வாட்சன் பார்க்க வருகிறார். பஞ்ச்லைன் வரவேண்டிய இடத்தில் அவர்கள் வைத்திருப்பதை இங்கே சொல்லிக் கெடுக்கமாட்டேன்.

முதலிடம் கேட்டீர்கள். அரை மணி நேரமாகப் பார்த்தால் பைத்தான் இரண்டாவது சீசன். தனி ஸ்கெட்ச்சாகப் பார்த்தால் கான்ஸ்டபிள் சாவேஜ். தொடர்ந்து கூடவே வாழ்வதற்கு 'தி ஃபாஸ்ட் ஷோ'. நண்பரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார், வரட்டும். அடுத்து ஸ்பானிய மத விசாரணை வரும் பைத்தான் எபிசோடைத் துண்டாக இல்லாமல் முழுதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள். கடைசியில் டைட்டில் கார்டு ஓட ஆரம்பித்த பிறகும் அணைத்துவிடாதீர்கள்.

சப்டைட்டிலுக்கு ஏன் கூச்சம்? நானும் போட்டுத்தான் பார்க்கிறேன். ரௌலி பிர்கின் வரும்போது மட்டும் அணைத்துவிடுங்கள். அவர் பேசுவது லண்டன்காரர்களுக்கே புரியாது.