அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்குக் கிறிஸ்தவம் துணையா, தடையா?

இரண்டுமாக இருந்தது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் என்ற ஒரே ஊரில் இரண்டையும் பார்க்கலாம்.

1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. தடையை மீறி ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கை பர்மிங்காம் போலீஸ் பிடித்துத் தனிச் சிறையில் அடைத்தது. அலபாமாவின் வெள்ளையின மதத் தலைவர்கள் எட்டுப் பேர் (ஒருவர் யூத ரபி) இந்தப் போராட்டம் வேண்டாம், உரிமைகளை நீதிமன்றத்தில் கேளுங்கள் என்று அறிக்கை விட்டிருந்தார்கள். கையில் வெள்ளைத்தாள்கூட இல்லாத கிங், செய்தித்தாளின் ஓரங்களிலேயே பதில் எழுதத் தொடங்கினார். அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்ற, பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் புனித அகஸ்டீனின் வாதத்தை அதில் எடுத்துவைத்தார். தானும் ஒரு போதகர் என்பதால், சக போதகர்களின் மௌனம் அவரை எவ்வளவு வாட்டியது என்பது அந்தக் கடிதம் முழுக்கத் தெரிகிறது.

கறுப்பினச் சபைகளோ போராட்டத்தின் வீடாகவே இருந்தன. வெள்ளையர் தயவின்றி மக்கள் கூட முடிந்த இடம் அதுதான். கூட்டம், காணிக்கை, பாட்டு, மறுநாள் ஊர்வலத்துக்கான பயிற்சி எல்லாம் அங்கேதான். அதனால்தான் குண்டும் அங்கே வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு காலை, 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தின் கீழ்த்தள அறையில் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11.