முகமாலையில் எட்டுப் பேருக்குப் பொறுப்பான தம்பிக்கு

கேள்வி: முகமாலையில் மிதிவெடி அகற்றும் குழுவொன்றில் நாலு வருடம் வேலை செய்தேன். மூன்று மாதத்துக்கு முன் செக்சன் லீடர் ஆக்கினார்கள். எட்டுப் பேரில் ஆறு பேர் என்னைவிட மூத்த அக்காமார். போன மாதம் தரப் பரிசோதனையில் ஓர் அக்காவின் லேனில், அதாவது அவ வெடி தேடித் துப்புரவாக்கும் ஒடுங்கிய கீற்றில், தோண்டிய ஆழம் குறைவென்று வந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் வைத்து அவவை ஏசிப்போட்டேன். அன்றிலிருந்து ஓய்வு நேரத்தில் நான் கிட்டப் போனால் கதை நின்றுவிடுகிறது. அவர்களின் நம்பிக்கையைத் திரும்ப எப்படிப் பெறுவது? (28 வயது வாசகர், பளை)

தம்பி, நாளைக் காலை விளக்கக்கூட்டத்தில், எட்டுப் பேரும் நிற்கும்போதே அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியக் கூப்பிட்டுக் கேட்பது காணாது. ஏசினது எல்லாருக்கும் முன்னால்தானே. "ஆழம் குறைஞ்சது பிழைதான் அக்கா, அதைத் திருத்துவம். ஆனா நான் உங்களோட கதைச்ச விதம் பிழை." இவ்வளவும் போதும். மேலிடத்து நெருக்கடி, வெயில் என்று சாட்டுச் சொல்ல வேண்டாம்.

இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் மண்ணில் கிடப்பது பெரும்பாலும் இரண்டு வகை மிதிவெடி: பிளாஸ்டிக் உடம்புள்ள பி4, மரப்பெட்டிக்குள் செய்த ஜொனி. பி4இல் இரும்பு மிகக் கொஞ்சம். ஜொனியின் மரம் இத்தனை மழைக்கு உக்கிப்போயிருக்கும். அதனால்தான் உலோகம் தேடும் கருவியை மட்டும் நம்பாமல் றேக்கால் குறித்த ஆழம் வரை வாருகிறோம். கருவி கத்தாத இடத்தில் ஆள்தான் வாய் திறக்க வேண்டும். "இந்த மூலை எனக்குச் சரியா விளங்கேல்லை" என்று சொல்லப் பயப்படும் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அந்த நிலத்தில் நாளைக்கு வீடு கட்டப்போகிற குடும்பத்துக்கு ஆபத்து.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். நான் லீடராயிருந்த இரண்டாம் வருடம், தலையறுந்த பனைகளுக்குப் பக்கத்து லேனில் ஒரு பிள்ளை ஒரே காலையில் மூன்று தரம் கை தூக்கினா. மூன்றும் வெறும் வேர், தகரத்துண்டு. மூன்றாம் தரம் நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெருமூச்சு மட்டும் விட்டேன். அதற்குப் பிறகு அவ கை தூக்கவேயில்லை. பின்னேரம் அளவுத்தடியை வைத்துப் பார்த்தால், லேனின் கரையில் நாலு விரலளவு ஆழம் குறைவு. அங்கே சந்தேகம் வந்ததாம், என்னைக் கூப்பிட வெட்கமாயிருந்ததாம். அந்தப் பெருமூச்சை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே கை தூக்குகிறவருக்கு, அது பத்தாம் தரமென்றாலும், நடந்து போய்க் குந்தியிருந்து பாருங்கள். ஒன்றுமில்லாவிட்டாலும் "கூப்பிட்டது நல்லது" என்று சொல்லுங்கள்.

அடுத்தது, ஆழம் ஏன் குறைந்தது என்று கேட்டீர்களா? றேக்கின் பல் தேய்ந்ததா, வேர் கூடிய இடமா, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலா? இந்த அக்காமாரில் பலர் தனியே குடும்பம் நடத்துகிறவர்கள். கோழி கூவ முதல் சமைத்து வைத்துவிட்டு வாகனம் ஏறுகிறவர்கள். ஒருவேளை நீங்களே சதுர மீற்றர்க் கணக்கைச் சொல்லி அவசரப்படுத்தியிருக்கலாம். அப்படியென்றால் அந்த நெருக்கடியைச் சூப்பர்வைசரிடம் நீங்கள்தான் கதைக்க வேண்டும். லேனுக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

1943இல் பர்மா முனையில் பிரித்தானியரின் 14ஆவது படையைப் பொறுப்பெடுத்த ஜெனரல் ஸ்லிம்மின் படையை எதிரியைவிட மலேரியா கூடத் தின்றது. மாத்திரை போடாத சிப்பாயை அவர் தேடித் திரியவில்லை. முன்னறிவிப்பின்றி முழு அணியையும் பரிசோதித்து, மாத்திரை போட்டவர்கள் 95 வீதத்துக்குக் கீழே வந்தால் அந்த அணியின் கட்டளை அதிகாரியை நீக்கினார். மூன்று பேரை நீக்கினதோடு விசயம் சரிவந்தது. முன்னணியில் அரை ரேசன் என்றால் தன் தலைமையகத்துக்கும் அரை ரேசன்தான். உங்கள் விசயத்திலும் அதே கேள்விதான்: பரிசோதகர் வருமுன் ஒவ்வொரு நாளும் அந்த லேனை அளந்திருக்க வேண்டியவர் யார்? நீங்கள். அதையும் கூட்டத்திலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஓய்வுக் கொட்டிலில் பிளேன்ரீயோடு அதுதான் கதையாயிருக்கும்: வேலை எவ்வளவு காலம்? மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கைப்படி, வெடிகளை அகற்றி முடிக்க இலங்கைக்குத் தவணை 2028 ஜூன் 1. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது பட்ட பயம் ஒருவருக்கும் போகவில்லை. "ஒண்டும் நடக்காது" என்று தேற்ற வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள்; தெரியாததற்கு, "வெள்ளிக்கிழமை கேட்டுச் சொல்லுறன்" என்று நாள் குறியுங்கள். வெள்ளிக்கிழமை பதில் கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்பதைப் போய்ச் சொல்லுங்கள்.

கடைசியாக, அடுத்த காயக்காரர் ஒத்திகையில் ஸ்ரெச்சரில் நீங்கள் படுங்கள். கட்டளையை அந்த அக்காவிடம் கொடுங்கள். அவ "தூக்கு" என்று சொல்ல, மற்றவர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவால் அம்புலன்சுக்கு ஓடட்டும். இடையில் வாய் திறந்து ஒன்றும் திருத்தாதீர்கள். முடிந்ததும் எழும்பி, எங்கே தாமதித்தது என்று அவவிடமே கேளுங்கள்.