பத்து முறை எழுதியும் மறந்துபோகிறதே!

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளை ஆங்கிலச் சொற்களைத் தினமும் பத்து முறை எழுத வைக்கிறேன். தேர்வில் சரியாக எழுதுபவள், அடுத்த வாரமே ஸ்பெல்லிங்கை மறந்துவிடுகிறாள். ‘ஷி கோஸ்’ என்பதற்குப் பதில் ‘ஷி கோ’ என்றுதான் இன்னமும் சொல்கிறாள். இலக்கணப் புத்தகம் வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: உங்கள் மகள் எழுதும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து முறை எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் எழுத்துக்குப் போகும் பிள்ளைகளே அதிகம். கைதான் வலிக்கும், சொல் மனத்தில் ஏறாது. ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களை இடைவெளிவிட்டுத் திரும்பப் படிப்பதே பலன் தரும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதியிருக்கிறார்.

ஆகவே, நோட்டுப் பக்கத்தை நீளவாக்கில் மடித்து, ஒரு பாதியில் தமிழ்ப் பொருளையும் மறு பாதியில் ஆங்கிலச் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் ஆங்கிலப் பாதியை மறைத்துவிட்டு, பொருளை மட்டும் பார்த்து வேறொரு தாளில் எழுதி, பின்னர் பிரித்துத் தானே திருத்தட்டும். தவறியவை மறுநாளும், சரியானவை மூன்று நாள் கழித்தும், அதன்பின் வாரம் கழித்தும் வரட்டும். ஒரு நாளைக்கு ஐந்து புதிய சொற்கள் போதும்.

‘ஷி கோ’வைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளும் வினையின் இறுதியில் வரும் அந்த ‘எஸ்’ஸைத் தாமதமாகவே பிடிக்கிறார்கள் என்பதை ஹார்வர்டு பேராசிரியர் ராஜர் பிரவுன் 1973-இல் வெளியான தம் நூலில் காட்டியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மைசெல்ஃப்’ கட்டுரையில் தொடங்கி எப்போதும் ‘ஐ’ என்றே பேசப் பழக்குகிறோம். அங்கே அந்த ‘எஸ்’ஸுக்கு வேலையே இல்லை. தாத்தா காலையில் என்ன செய்கிறார், பாட்டி எங்கே போகிறார் என்று வீட்டில் உள்ளவர்களைப் பற்றி நாளுக்கு மூன்று வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். ‘தாத்தா ரீட் தி பேப்பர்’ என்றால், இடைமறிக்காமல், ‘அப்படியா, தாத்தா ரீட்ஸ் தி பேப்பர், அப்புறம்?’ என்று சரியான வடிவத்தை உங்கள் வாயால் சொல்லித் தொடருங்கள். சில வாரங்களில் ‘ஷி டஸ் நாட் கோஸ்’ என்று தேவையில்லாத இடத்திலும் அதைச் சேர்ப்பாள். விதி பிடிபடத் தொடங்கியதற்கு அடையாளம் அது, திட்டிவிடாதீர்கள்.

இலக்கணப் புத்தகத்தை ஆறாம் வகுப்பில் வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு அந்தப் பணத்தில் படங்கள் நிறைந்த இரண்டு சிறிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வாங்குங்கள்.